வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் நாய்க்குட்டியைப் பழக்கும் முறை

ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கும் களத்து நெல்லுக்கும் காவலாக நாய் வளர்க்காத விவசாயக் குடும்பங்கள் குறைவு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு இனங்களின் குட்டியைச் சிலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பலர் பக்கத்துத் தோட்டத்தில் ஈன்ற குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்க்கிறார்கள். குட்டி சிறியதாக இருக்கும்வரை நரிக்கும் பாம்புக்கும் பயந்து அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. அடுப்படியில் சிறுநீர், தாழ்வாரத்தில் மலம், விதை நெல் மூட்டையின் மீது ஈரம் என்று பத்து நாட்கள் கடந்ததும் வீட்டில் உள்ளவர்கள் பொறுமை இழந்துவிடுகிறார்கள். "எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார். குட்டி சந்தையிலோ சாலையோரத்திலோ விடப்படும். நல்ல காவல் நாயாக வளர வேண்டியது தெருநாயாகி, பின்பு அதே ஊர் ஆடுகளைக் கடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இதில் குட்டியின் குற்றம் எதுவும் இல்லை. எங்கே போக வேண்டும் என்பதை யாரும் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை. ஒழுங்காகக் கவனித்தால் பெரும்பாலான குட்டிகள் வழிக்கு வந்துவிடும். இதற்குப் பணச் செலவு இல்லை. நேரம் தவறாமையும் பொறுமையும் இருந்தால் போதும்.

குட்டியின் இயல்பு

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நாய் நக்கிக் கொடுத்தால்தான் கழிக்கும். அந்தக் கழிவையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடி நடந்து, படுக்கும் இடத்தை விட்டு விலகிப்போய்க் கழிக்கத் தொடங்குகிறது. படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்ற எண்ணம் நாய்க்கு இயற்கையிலேயே உண்டு. பழக்குதல் முழுவதும் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் நடக்கிறது.

எட்டு, ஒன்பது வார வயதில் குட்டி மற்றொன்றையும் கற்றுக்கொள்கிறது. காலுக்கு எந்தத் தரை பழகுகிறதோ அந்தத் தரையிலேயே கழிக்க விரும்பும். மணலில் பழகிய குட்டி மணலைத் தேடும். சாக்கில் பழகிய குட்டி சாக்கைத் தேடும். குட்டி வந்த முதல் நாள் இரவு கோணிச் சாக்கை விரித்து, 'இதில் போனால் போகட்டும்' என்று விட்டுவிடும் வீடுகளில், அதே குட்டி வளர்ந்த பிறகு நெல் மூட்டையையும் தவிட்டு மூட்டையையும் நனைப்பதற்கு இதுவே காரணம்.

நான்கு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவதும் தவறு. சுத்தப் பழக்கத்தின் தொடக்கப் பாடம் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் கிடைக்கிறது. எட்டு வாரம் நிறைந்த குட்டியை எடுப்பதே நல்லது.

எவ்வளவு நேரம் அடக்கும்?

குட்டியின் மூத்திரப்பை சிறியது. அதை அடக்கும் தசைக்கும் வலு வந்திருக்காது. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையே அது அதிகமாக அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஏறக்குறையக் கணக்கிடலாம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரமும், மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரமும் தாங்கும். இது மேல் எல்லைதான். ஓடியாடும் பகல் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறையாவது வெளியே கொண்டுபோக வேண்டும். இரவில் தூங்கும்போது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். காலையில் வயலுக்குப் போகும்போது குட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மதியம் வந்து 'அசிங்கம் செய்துவிட்டதே' என்று அடிப்பதில் நியாயம் இல்லை. அவ்வளவு நேரம் அதனால் முடியாது.

குட்டி கழிக்கும் நேரங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தூங்கி எழுந்தவுடன், தின்று முடித்த ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், நன்றாக விளையாடி முடித்தவுடன், இரவு படுக்கும் முன் என இந்த நான்கு வேளைகளிலும் குட்டியைத் தவறாமல் வெளியே கொண்டுபோனால் முக்கால் பங்கு தொல்லை தீர்ந்துவிடும். இடையிலும் சில அடையாளங்கள் உண்டு. விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று நின்று தரையை மோப்பம் பிடிக்கும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மூலையை நோக்கிப் போகும். வாசலருகே போய் முனகும். இவற்றைக் கண்டதும் தாமதியாமல் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

குட்டி வீட்டுக்கு வரும் முன்பே அது கழிக்க வேண்டிய இடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். கொல்லைப்புறத்தில் நாலடிக்கு நாலடி இடம் போதும். கிணறு, அடிகுழாய், தொழுவம், வைக்கோற்போர், கீரைப்பாத்தி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து அது விலகி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்காத மேட்டு இடமாக இருப்பது நல்லது. அங்கே இரண்டு கூடை மணலைப் பரப்பி வைக்கலாம். முதல் நாள் குட்டி எங்கே சிறுநீர் கழித்ததோ, அந்த ஈர மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து இந்த மணலில் போட்டு வைத்தால், வாசனை பிடித்து அடுத்த முறை அங்கேயே கழிக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒரே வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே போனதும் விளையாட்டுக் காட்டாமல் பேசாமல் நிற்க வேண்டும். குட்டி கழிக்கத் தொடங்கும்போது ஏதேனும் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லிப் பழக்கலாம். சில வாரங்களில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கழிக்கும். முழு வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. கைதட்டினாலும் திரும்பாத குட்டிக்குச் சொல்லுக்குப் பதிலாகக் கைச்சைகை காட்டிப் பழக்க வேண்டும்.

கழித்து முடித்த அடுத்த நொடியே தட்டிக்கொடுத்து, ஒரு சிறு துண்டுக் கருவாடோ வேக வைத்த முட்டையோ அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்காகக் கிடைத்தது என்றே குட்டி நினைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் நின்றும் கழிக்காவிட்டால் திரும்ப அழைத்து வந்து, கண் பார்வையிலேயே வைத்திருந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாள் ஒழுங்கு

காலை 5 மணி: எழுந்ததும் தூக்கிக்கொண்டு வெளியே.
காலை 6 மணி: முதல் தீனி, தின்றதும் வெளியே.
காலை 8 மணி: வயலுக்குப் புறப்படும் முன் வெளியே.
காலை 10 மணி: இரண்டாம் தீனி, தின்றதும் வெளியே.
மதியம் 12 மணி: வெளியே.
மதியம் 2 மணி: மூன்றாம் தீனி, தின்றதும் வெளியே.
மாலை 4 மணி: தூங்கி எழுந்ததும் வெளியே.
மாலை 6 மணி: நான்காம் தீனி; தின்றதும் வெளியே.
இரவு 8 மணி: வெளியே.
இரவு 9.30 மணி: படுக்கும் முன் வெளியே.
இரவு 1 மணி: ஒருமுறை வெளியே.

பகலில் எல்லோரும் வயலுக்குப் போய்விடும் குடும்பமானால், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் குட்டியைக் கூடையில் வைத்து வயலுக்கே கொண்டுபோய் நிழலில் கட்டிவைப்பது, வீட்டில் பூட்டி வைப்பதைவிட மேல். மூன்று மாதத்துக்கு மேல் தீனியை மூன்று வேளையாகவும், ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளையாகவும் குறைக்கலாம். நள்ளிரவில் எழுந்திருக்கும் வேலையும் பெரும்பாலும் நான்கு மாத வயதுக்குள் நின்றுவிடும்.

தீனியிலும் ஒழுங்கு வேண்டும்

வயிற்றில் தீனி விழுந்ததும் குடல் இயங்கத் தொடங்குவது இயற்கை. ஆகவே தீனி நேரத்துக்கு விழுந்தால் மலமும் நேரத்துக்கு வரும். சாப்பிடும்போதெல்லாம் ஒரு கவளம், கழுவும்போது மிச்சம் மீதி என்று நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் கழிக்கும். தட்டை வைத்த கால் மணி நேரத்தில் தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். காரக் குழம்பு கலந்த சோறும், அதிகமான பசும்பாலும் பல குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும். கழிச்சல் உள்ள குட்டியைப் பழக்க முடியாது. உப்புக் காரம் இல்லாத சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் முட்டை, மீன், வேகவைத்த இறைச்சி சேர்த்துக் கொடுக்கலாம். சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. கோடையில் குட்டி மயங்கி விழுந்துவிடும்.

பஞ்சாரத்தின் பயன்

கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் குட்டியைப் பழக்கவும் நல்ல கருவி. குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் மட்டும் இடம் இருக்க வேண்டும். இடம் அதிகமானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் அசுத்தம் செய்யும். கழுவிக் காய வைத்த பழைய துணியை உள்ளே விரித்து, வீட்டார் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்க்க வேண்டும். படுக்கையை நனைக்க மனமில்லாமல் குட்டி இரவில் முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். பகலில் குட்டியைக் கவனிக்க முடியாத சிறிது நேரத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் காற்றோட்டமும் நிழலும் வேண்டும். தண்டனையாக அடைக்கக் கூடாது. குட்டி தாங்கும் நேரத்துக்கு மேல் அடைத்து வைத்தால் வேறு வழியின்றிப் படுக்கையிலேயே கழித்துவிடும். அந்தக் கூச்சம் ஒருமுறை போய்விட்டால் பிறகு பழக்குவது மிகக் கடினம்.

அடித்தால் என்ன ஆகும்?

மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதும், துடைப்பத்தால் அடிப்பதும் ஊரெங்கும் உள்ள வழக்கம். இதனால் பயனில்லை. பத்து நிமிடத்துக்கு முன் செய்த காரியத்தையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் இணைத்துப் பார்க்க முடியாது. மனிதர் முன்னால் கழித்தால் அடி விழும் என்பதை மட்டும் அது கற்றுக்கொள்கிறது. விளைவாக, வெளியே அழைத்துப் போனால் அடக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே வந்ததும் குதிருக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று மறைவாகப் போய்க் கழிக்கும்.

கழித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் ஒருமுறை கையைத் தட்டி, நிறுத்தியதும் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போக வேண்டும். மீதியை அங்கே கழித்தால் தட்டிக்கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால் பேசாமல் துடைத்துவிட வேண்டியதுதான்.

சில குட்டிகள் வீட்டுக்காரர் வந்ததும் குழைந்து படுத்துச் சிறுநீர் விடும். இது அடக்கம் காட்டும் செயல். பழக்கக் கேடு அல்ல. அதட்டினால் அதிகமாகும். நேராகக் குனிந்து தூக்காமல், சற்று நேரம் கவனியாதது போல் இருந்து பிறகு கொஞ்சினால் வளர வளர நின்றுவிடும்.

வாசனையைப் போக்குதல்

நாயின் மூக்கு மனித மூக்கைவிடப் பன்மடங்கு கூர்மையானது. நம் மூக்குக்கு நாற்றம் போய்விட்டாலும் நாய்க்குப் போயிருக்காது. வாசனை உள்ள இடத்துக்கே மீண்டும் மீண்டும் வரும்.

மண் தரையானால் நனைந்த மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து வெளியே எறிந்து, புது மண் போட்டுத் தட்டிய பிறகே சாணம் மெழுக வேண்டும். மேலோடு மெழுகினால் வாசனை அடியில் தங்கிவிடும். சிமெண்ட் தரையில் முதலில் சாம்பல் தூவி ஈரத்தை இழுத்துக்கொள்ளச் செய்து, பெருக்கி எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்கு வினிகரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து துடைப்பது நல்லது. அம்மோனியா கலந்த திரவங்கள் நாய்க்குச் சிறுநீர் வாசனையாகவே படும். பினாயில் நாற்றத்தை மறைக்குமே தவிரப் போக்காது. குட்டி அதை நக்கினால் நஞ்சாகும். சிறுநீர் ஈரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதும், வினிகரோடு அதைக் கலப்பதும் கூடாது. மூச்சை அடைக்கும் நச்சுக் காற்று கிளம்பும்.

நனைந்த சாக்கை உடனே அப்புறப்படுத்திச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். விதை மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மீது, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கினால் ஈரமும் எலியும் கூட அணுகாது.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது

வீட்டிலும் தொழுவத்திலும் நாய் மலம் கிடப்பது அருவருப்போடு முடிகிற காரியம் அல்ல. குட்டிகளின் குடலில் உள்ள உருண்டைப் புழுக்களின் முட்டை மலத்தோடு வெளிவந்து, சில வாரங்களில் மண்ணில் பக்குவம் அடைகிறது. மண்ணில் விளையாடும் குழந்தை கை கழுவாமல் உண்டால் அது உடலுக்குள் போய், சில சமயம் கண் பார்வையையே பாதிக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறும் காலின் தோலைத் துளைத்து அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மலத்தை அன்றன்று அள்ளிவிட்டால், முட்டை பக்குவம் அடையும் முன்பே இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

கால்நடைகளுக்கும் கேடு உண்டு. நாயின் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சலோடு ஆட்டின் வயிற்றுக்குள் போனால், மூளையில் நீர்க்கட்டி உண்டாகி ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். மாடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் நியோஸ்போரா என்ற நுண்ணுயிரிக்கு 1988-இல் பெயரிடப்பட்டது. நாயின் மலம் வழியாக அது பரவுவது 1998-இல் கண்டறியப்பட்டது. ஆகவே தீவனத் தொட்டியிலும் வைக்கோற்போரிலும் நாய் கழிக்க விடக் கூடாது. மாடு போடும் நஞ்சுக்கொடியையும், ஆடு அறுத்த கழிவையும், இறந்த கன்றையும் நாய் தின்ன விடாமல் ஆழப் புதைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் நோய்க்கிருமி நாயின் சிறுநீரிலும் வெளிவரும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு.

அள்ளிய மலத்தைக் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழியில் போட்டு மண் மூட வேண்டும். காய்கறி, கீரைக்கு இடும் எருக்குழியில் சேர்க்கக் கூடாது. குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் கூறும் நாளில் அடுத்தடுத்த ஊசிகளும் தவறக் கூடாது.

வளர்ந்த நாய் திடீரென்று கெட்டால்

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால் தடியை எடுக்கும் முன் நோயை நினைக்க வேண்டும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவதும், முக்குவதும், சிறுநீரில் ரத்தம் தெரிவதும் மூத்திரப்பை அழற்சியாகவோ கல்லாகவோ இருக்கலாம். அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் போனால் நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். பெட்டை நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, அதிகம் தண்ணீர் குடித்து, அறையிலிருந்து சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கக் கூடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் உயிருக்கு ஆபத்து. கிழ நாய் தூக்கத்தில் சிறுநீர் விட்டால் அது முதுமை. அதற்கும் மருத்துவரிடம் யோசனை கேட்கலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் ஆன கடுவன் நாய் காலைத் தூக்கித் தூணிலும் மூட்டையிலும் சிறிது சிறிதாக விடுவது எல்லை குறிக்கும் பழக்கம். காயடித்தால் பல நாய்களில் இது குறைந்துவிடும். பழக்கம் ஊறும் முன் செய்வது நல்லது. இதனால் காவல் குணம் போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை.

வயது வந்த நாயைப் புதிதாகக் கொண்டுவந்தாலும் முறை இதுவே. அடக்கும் வலு அதற்கு உண்டாதலால் குட்டியைவிட விரைவில் பழகும். முதல் சில நாட்கள் வீடு முழுவதும் திரிய விடாமல் கண் பார்வையில் கட்டி வைக்க வேண்டும்.

இடையில் ஒருநாள் தவறு நேர்ந்தால் பழக்கியது வீண் என்று விட்டுவிடக் கூடாது. முந்தின வாரத்து ஒழுங்குக்குத் திரும்பினால் போதும். குட்டி முழு நம்பிக்கைக்கு உரியதாக ஆறு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பத்து ஆண்டுக்கு மேல் பட்டியைக் காக்கப்போகும் நாய்க்கு, முதல் சில வாரம் நேரம் தவறாமல் கதவைத் திறந்துவிடுவது பெரிய செலவு அல்ல.